ஆலோசனை அறையும் அதற்கு வெளியே உள்ள வாழ்க்கையும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். மனநல ஆலோசனைக்கு வருகிற ஒருவரின் பண்பாட்டையும் சமூக நிலையையும் ஆலோசகர் ஏன் அறிந்திருக்க வேண்டும் என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நெடுங்காலமாக நான் வற்புறுத்தி வருகிற விஷயம் இது. ஆலோசனை பெற வருகிறவர் பெரும்பாலும் தனியாகத்தான் வந்து அமர்கிறார். ஆயினும் அவர் உறங்குகிற வீடு, அவருடைய வேலை நேரத்தைத் தீர்மானிக்கிற முதலாளி, யாரிடம் எதிர்த்துப் பேசலாம், யாரிடம் வாய் திறக்கக் கூடாது என்று சிறுவயதிலேயே கற்றுக்கொடுத்த பெரியவர்கள் ஆகிய அத்தனை பேரும் அவருடைய பேச்சில் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு அவருடைய மனத்தை மட்டும் தனியே பிரித்துப் பார்க்க முயல்கிற ஆலோசனை பாதியளவே பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

ஒரு சிறு உரையாடலை எண்ணிப் பாருங்கள். "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று ஆலோசகர் கேட்கிறார். எதிரே இருக்கும் பெண், தாய்க்கு என்ன கவலை, தம்பியின் படிப்பு எந்த நிலையில் இருக்கிறது, கணவர் என்ன நினைப்பார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, கடைசியில் தன்னைப் பற்றி அரை வாக்கியத்தில் ஏதோ சொல்லி நிறுத்திக்கொள்கிறார். தனிமனித விருப்பமே முதன்மையானது என்று பயின்ற ஆலோசகர், இவருக்குத் தன்னைப் பற்றிய தெளிவே இல்லை என்று குறிப்பேட்டில் எழுதிவிடக்கூடும். உண்மையில் அவர் கேட்ட கேள்விக்கு முழுமையாகவே விடை வந்துவிட்டது. அந்தப் பெண்ணின் விருப்பம் அந்த மனிதர்களுக்கு நடுவே வைத்துத்தான் பொருள்படும். அதே வேளையில், அந்த அரை வாக்கியத்தையும் நழுவவிடக் கூடாது. அதற்குத் திரும்பி வந்து, அவசரப்படுத்தாமல், "சற்று முன் ஒன்று சொல்ல வந்தீர்களே" என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு ஃபிரான்ஸ் ஃபனோன் நினைவுக்கு வருவார். மார்ட்டினிக் தீவில் 1925-ஆம் ஆண்டு பிறந்த இந்த மனநல மருத்துவர், 1953-இல் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவில், பிளிடா-ஜுவான்வில் மனநல மருத்துவமனையில் பொறுப்பேற்றார். நோயாளிகளைக் கட்டிவைக்காமல், கூட்டங்கள், இசை, திரைப்படம், கைவேலை, நோயாளிகளே நடத்தும் செய்தித்தாள் எனச் சமூக வாழ்க்கையை மருத்துவமனையில் அவர்கள் தங்கியிருக்கும் விடுதிக்குள்ளேயே உருவாக்கும் முறையை அவர் பிரான்சில் பயின்றிருந்தார். ஐரோப்பியப் பெண்கள் இருந்த விடுதியில் அந்த முறை விரைவிலேயே பலன் தந்தது. அல்ஜீரிய முஸ்லிம் ஆண்கள் இருந்த விடுதியிலோ அதே முறை, அதே உழைப்பு, அதே அக்கறை, ஆனால் அசைவே இல்லை. கூட்டத்துக்கு வந்தவர்கள் பேசாமல் இருந்தார்கள். கூடை முடையும் வேலையில் எவருக்கும் நாட்டமில்லை.

இந்த இடத்தில் சற்று நின்று பேச விரும்புகிறேன். அக்காலக் குடியேற்ற ஆட்சியின் மருத்துவம், வட ஆப்பிரிக்க மக்களின் மூளையே வேறு தரத்தது என்று வெளிப்படையாகக் கற்பித்து வந்தது. ஆகவே, நோயாளிகள் மீது பழியைப் போட்டுவிட்டு நகர்வது மிக எளிதாக இருந்திருக்கும். ஃபனோனும் அவருடன் பணியாற்றிய இளம் மருத்துவர் ஜாக் அசூலேயும் குறை தங்கள் முறையில்தான் இருக்கிறது என்று முடிவுசெய்து, 1954-இல் அதைக் கட்டுரையாகவே எழுதினார்கள். பிறகு விடுதிக்குள் அந்நாட்டு வழக்கப்படி ஒரு காபிக் கூடம் திறக்கப்பட்டது, முஸ்லிம் பண்டிகைகள் கொண்டாடப்பட்டன, கதைசொல்லிகள் வரவழைக்கப்பட்டார்கள். அந்த மனிதர்கள் மெல்லப் பேசத் தொடங்கினார்கள். மருத்துவர் அவர்தான், நோயாளிகளும் அவர்கள்தான். மாறியது அவர்களைச் சுற்றி அமைந்த வாழ்க்கை. எனக்கு இதைவிட நல்ல பாடம் கிடைத்ததில்லை.

அந்தப் பாடத்தை ஓர் ஆலோசகர் தன் அறையில் எப்படிச் செயல்படுத்துவது? கேட்பதன் மூலமாகத்தான். ஆர்தர் கிளைன்மேன் என்ற மனநல மருத்துவர், மானிடவியலும் பயின்றவர், நோயாளியிடம் கேட்க வேண்டிய சில எளிய கேள்விகளை 1970-களில் முன்வைத்தார். இந்தத் துன்பத்தை நீங்கள் என்ன பெயரிட்டு அழைக்கிறீர்கள், இது எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள், ஏன் அந்த நேரத்தில் தொடங்கியது, இதில் உங்களை அதிகம் அச்சுறுத்துவது எது என்பன போன்ற கேள்விகள் அவை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோயறிதல் கையேட்டின் ஐந்தாம் பதிப்பிலும் இதே நோக்கில் 16 கேள்விகள் கொண்ட நேர்காணல் முறை ஒன்று இருக்கிறது. மார்பில் பாரம் என்றோ உடல் முழுவதும் எரிச்சல் என்றோ ஒருவர் சொன்னால், உடனே அதை மனச்சோர்வு என்று பெயர்மாற்றிவிடாமல், உடல்நலப் பரிசோதனைக்கு வழிசெய்துவிட்டு, அந்தப் பாரத்தைப் பற்றியே அவரிடம் மேலும் கேட்க வேண்டும்.

மறுபக்கத்திலும் ஓர் ஆபத்து உண்டு. இவர் இன்ன சமயத்தவர், இன்ன ஊர்க்காரர், ஆகவே இப்படித்தான் நினைப்பார் என்று முன்கூட்டியே தீர்மானிப்பதும் காது கொடுக்காமல் இருப்பதற்கு ஒப்பானதே. ஒரே வீட்டில் வளர்ந்த இரு சகோதரிகள் ஒரே வழக்கத்தை இருவிதமாகச் சுமப்பார்கள். டெர்வலான், மரே-கார்சியா என்னும் இரு அமெரிக்க மருத்துவர்கள் 1998-இல் பண்பாட்டுப் பணிவு என்ற கருத்தை முன்வைத்தபோது, பிறர் பண்பாட்டை ஒருவர் முழுவதும் கற்றுத் தேர்ந்துவிட முடியாது, வாழ்நாள் முழுவதும் கேட்டுத் தெரிந்துகொண்டேதான் இருக்க வேண்டும் என்று வலியுறுத்தினார்கள். மீண்டும் சொல்கிறேன், கேட்க வேண்டும்.

இனிச் சமூக அக்கறைக்கு வருகிறேன். எங்கள் துறைக்கு இதில் பெருமைப்படத்தக்க வரலாறு மட்டுமே இல்லை. 1851-இல் அமெரிக்க மருத்துவர் ஒருவர், அடிமைகள் தப்பியோடுவதையே ஒரு மனநோய் என்று பெயரிட்டு அறிவித்தார். தன்பால் ஈர்ப்பை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்க 1973 வரை ஆயிற்று. ஆட்சியிலும் அதிகாரத்திலும் இருப்பவர்களுக்கு எது இடையூறோ அது நோயாகிவிடும் என்ற எச்சரிக்கை ஆலோசகரின் நெஞ்சில் எப்போதும் இருக்க வேண்டும். ஃபனோனே 1956-இல் பதவி விலகினார். ஒரு மக்களைச் சொந்த மண்ணிலேயே அந்நியராக்கும் ஆட்சியின்கீழ் அவர்களுக்கு மனநல மருத்துவம் செய்வது பொருளற்றது என்பதே அவருடைய விலகல் கடிதத்தின் சாரம்.

எல்லோரும் பதவி விலக வேண்டியதில்லை. ஓய்வே தராத வேலையால் உறக்கமிழந்த ஒருவருக்கு மூச்சுப் பயிற்சி சொல்லித்தரலாம், தவறில்லை. அதோடு, "உங்களிடம் குறையில்லை, இந்த வேலை நேரம் யாரையும் இப்படித்தான் ஆக்கும்" என்று தெளிவாகச் சொல்லவும் வேண்டும். அதைக் கேட்கும் பலருக்கு முகமே மாறிவிடுகிறது. தேவையானால் சட்ட உதவிக்கும் தொழிற்சங்கத்துக்கும் வழிகாட்ட வேண்டும். ஆனால் போராடுவதா பொறுத்திருப்பதா என்ற முடிவு அவருடையது. ஆலோசகர் தம் அரசியலை அவர்மீது ஏற்றக் கூடாது, ஏனெனில் விளைவைச் சந்திக்கப்போகிறவர் அவர்தான்.

நேரம் முடியப்போகிறது என்று சைகை காட்டுகிறார்கள். ஆலோசகருக்கும் வருகிறவருக்கும் மொழி வேறாக இருக்கும்போது உதவுகிற மொழிபெயர்ப்பாளர்களைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். இப்போது ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். தாய் தந்தையரின் துயரத்தைப் பிள்ளைகளைக் கொண்டு மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பெற்றோர் பாதியை மறைத்துவிடுவார்கள், பிள்ளை மீதியைச் சுமக்கும். தொலைபேசியில் ஆலோசனை பெறுகிறவர்களும், அருகில் யாரேனும் இருந்தால், ஆம், இல்லை என்று மட்டும் விடை சொல்லும்படி கேள்விகளை அமைக்குமாறு ஆலோசகரிடம் தயங்காமல் கேட்கலாம். வணக்கம்.