அப்பான்ர காருக்கு ரேடியோ இழுக்கேல்ல, குற்றவாளி நான்தான்

வணக்கம் உறவுகளே. சத்தம் வடிவாக் கேக்குதா? கடல்காத்து இண்டைக்குக் கொஞ்சம் கூட, அதான் மைக்குக்குப் பழைய கால்மேசொண்டைச் சுத்தி வச்சிருக்கிறன். திருகோணமலை உப்புவெளியில எங்கட வீட்டு முத்தத்தில நிண்டுதான் கதைக்கிறன். பின்னால நிக்கிறது அப்பான்ர கார். 1997ஆம் ஆண்டு கொரோலா, எங்கட ஆக்கள் 110 எண்டு சொல்லுற மொடல். ஜப்பான்ல ஓடிப்போட்டு இஞ்ச வந்த கார்.

இண்டைக்குப் பயண வீடியோவும் இல்ல, சாப்பாட்டு வீடியோவும் இல்ல. இந்தக் காரின்ர ரேடியோக் கதை. சிரிக்காதேங்கோ, மூண்டு கிழமை மினக்கெட்டிருக்கிறன்.

அப்பாவுக்குக் காருக்குள்ள ஏறினா ரேடியோ பாடவேணும். நான் போன்ல பாட்டைப் போட்டுக் குடுத்தா, "உது நீ போடுற பாட்டு, ரேடியோவில வாறது தானா வாற பாட்டு" எண்டுவார். அதுக்கு மேல அந்தாளோட கதைக்கேலாது. பாட்டைவிட அவருக்கு முக்கியம் செய்தியும் மரண அறிவித்தலும். போன மாதம் கந்தளாய்க்குப் போய்க்கொண்டிருக்கிறம். "திருகோணமலையைப் பிறப்பிடமாகவும்" எண்டு தொடங்குது, அப்பா சத்தத்தைக் கூட்டுறார், அங்கால முழுக்கக் கர்ர்ர் எண்டு இரைச்சல். திரும்பித் தெளியேக்க "உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும்" எண்டு முடியுது. பேர் அந்த இரைச்சலுக்குள்ள போட்டுது. மனுசன் காரை ஓரங்கட்டிப்போட்டு, தன்ர வயசு ஆக்கள் பத்துப் பேருக்காவது போன் எடுத்தார். எடுத்து எல்லாரிட்டயும் ஒரே கேள்வி, "சுகமா இருக்கிறியளோ?" ஒராள் கேட்டாராம், "ஏன், நான் செத்துப்போனன் எண்டு ஆரும் சொன்னவையோ" எண்டு.

அண்டைக்குத்தான் இதைத் திருத்திறது எண்டு முடிவெடுத்தன்.

முதல் பிழை என்ன செய்தன் தெரியுமோ? காசைக் கொண்டுபோய்க் கடையில குடுத்தன். கூரையில ஒட்டுற சுறாச்செட்டை மாதிரி ஏரியல் ஒண்டு வாங்கினன். பார்க்க நல்ல ஸ்டைல். ஒட்டிப்போட்டுக் கழட்டிப் பார்க்கிறன், உள்ளுக்கு வயரே இல்ல! வெறும் பிளாஸ்டிக். உது அழகுக்கு ஒட்டுற சாமானாம், ரேடியோவுக்கு இல்லையாம். பேந்து பூஸ்டர் ஒண்டு வாங்கிப் பூட்டினன். இரைச்சல் இன்னும் பலமா, இன்னும் தெளிவா வந்துது. பூஸ்டருக்கு எது பாட்டு எது இரைச்சல் எண்டு தெரியாது. வாறதெல்லாத்தையும் சேர்த்துப் பெருக்கிக் குடுக்கும். மேல சிக்னல் வராம கீழ பெருக்கி என்ன பிரயோசனம், கிணத்தில தண்ணி இல்லாம மோட்டரைப் பெருசாக்கினமாதிரி.

அதுக்குப் பிறகுதான் கொஞ்சம் யோசிச்சன். எது பழுது எண்டு தெரியாமலே சாமான் வாங்கிக்கொண்டிருக்கிறன். சிக்னல் ஏரியலில பிடிபட்டு, வயருக்கால வந்து, செட்டுக்குள்ள போகுது. இதில எந்த இடத்தில துலையுது? அதை முதல் பிடிக்கவேணும்.

நான் முதல் செய்தது சின்ன வேலை. வீட்டில இருந்த பற்றறி ரேடியோவைக் கொண்டுவந்து கார் பொனற்றுக்கு மேல வச்சு, அதே நிலையத்தைப் பிடிச்சன். அது சோக்கா இழுக்குது. அப்ப ஊரில சிக்னல் இருக்கு, பிழை காருக்குள்ளதான். அடுத்தது, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாம திறப்பை ஒரு படி மட்டும் திருப்பி ரேடியோவைப் போட்டன். முந்தியவிடப் பரவாயில்ல, ஆனா இரைச்சல் நிக்கேல்ல. பிறகு சிகரெட் லைற்றர் ஓட்டையில குத்தியிருந்த சார்ஜரைப் பிடுங்கினன். பிடுங்கினதும், மெய்யாச் சொல்லுறன், பாதி இரைச்சல் நிண்டுட்டுது!

அந்தச் சார்ஜர் என்னத்துக்கு? நான் வீடியோ எடுக்கப் பூட்டின டாஷ் கமராவுக்கு. வயர் வெளியில தெரியக்கூடாது எண்டு வடிவா மறைச்சுக் கொண்டுபோயிருக்கிறன். எதுக்குள்ளால? டிரைவர் பக்கத்து முன்கண்ணாடித் தூணுக்குள்ளால. இந்தக் காரில ஏரியல் எங்க இருக்கு? அதே தூணுக்குள்ள! இஞ்ச பாருங்கோ, இதில இருந்துதான் கையால இழுத்து எடுக்கிறது. ஏரியலுக்குப் பக்கத்தில, முதுகோட முதுகு ஒட்டினமாதிரி, இரைச்சல் வயரைக் கொண்டுபோய்ப் படுக்க வச்சிருக்கிறன்.

இந்த மலிவுச் சார்ஜருக்குள்ள 12 வோல்ற்றை 5 வோல்ற்றாக் குறைக்கிற துண்டு ஒண்டு இருக்கு. அது செக்கனுக்கு ஆயிரக்கணக்கான தரம் கரண்டை வெட்டி வெட்டித்தான் குறைக்குது. அந்த வெட்டில வாற இரைச்சல் எஃப்எம் வரைக்கும் போகும், நீட்டு வயர் அதை வெளியில விடுற ஏரியலா மாறிப்போகும். காருக்குப் பிறகு பூட்டின எல்ஈடி பல்பும் இதே வேலை பார்க்கும். அதால ஒவ்வொண்டாக் கழட்டிக் கழட்டிப் பாருங்கோ. நான் கமரா வயரை மற்றப் பக்கத்துத் தூணுக்கு மாத்தினன். சார்ஜரையும் மாத்திப்போட்டு, இரைச்சலை மறிக்க வயரில கவ்வுற கறுப்பு பெரைற் வளையம் ஒண்டும் போட்டன். அப்பாட்ட இதைச் சொல்லேல்ல. வீடியோவைப் பார்த்தாத்தான் தெரியும்.

பாதி இரைச்சல் போட்டுது, மற்றப் பாதி? ஏரியலோ, செட்டோ?

இதுக்கு ஒரு சோதினை இருக்கு, செலவில்லை. செட்டை வெளியில எடுக்க முதல் பற்றறியின்ர மைனஸைக் கழட்டிவிடுங்கோ, 10ஆம் நம்பர் ஸ்பனர் காணும். செட்டுக்குப் பின்னால ஏரியல் பிளக் இருக்கும். அதைப் பிடுங்கிப்போட்டு, 75 சென்ரிமீற்றர் வயர் ஒண்டை வெட்டி, முனையைச் சீவி, ஏரியல் ஓட்டையின்ர நடுவுக்குள்ள மட்டும் செருகுங்கோ. சுத்திவர இருக்கிற இரும்பில முட்டக்கூடாது. மற்ற நுனியை ஜன்னலுக்கு வெளியில தொங்கவிட்டுட்டு, மைனஸைத் திரும்பப் பூட்டி ரேடியோவைப் போடுங்கோ.

ஏன் 75? 100 மெகாஹேட்ஸில ஒரு அலை 3 மீற்றர் நீளம். அதில காவாசி 75 சென்ரிமீற்றர். எஃப்எம் ஏரியலுக்குத் தோதான நீளம் அதுதான். இழுக்கிற ஏரியலை அரைவாசி மட்டும் இழுத்துவிட்டு ஓடுற ஆக்கள் இருக்கினம், எங்கட அப்பா உட்பட. முறிஞ்சு போச்செண்டு விரல் நீளக் குட்டி ஏரியல் பூட்டுற ஆக்களும் இருக்கினம். உதுகளால இழுவை குறையத்தான் செய்யும்.

சரி, வயரைச் செருகினன். அப்பிடியே வீட்டு ரேடியோ மாதிரிப் பாடுது. அப்ப செட் சுகம். ஏரியல் பக்கம்தான் வருத்தம்.

இஞ்சதான் எங்கட ஊர் விசயம் வருது. கடலுக்கும் எங்கட வீட்டுக்கும் ரெண்டு ஒழுங்கைதான். உப்புக்காத்து இரும்பைத் தின்னும் எண்டு எல்லாருக்கும் தெரியும், கேற்றைப் பார்த்தாலே விளங்கும். ஆனா அது கண்ணுக்குத் தெரியாத இடத்திலதான் கூடத் தின்னுது. ஏரியல் வயருக்குள்ள ரெண்டு பாதை. நடுவில ஒரு கம்பி, அதைச் சுத்தி மெல்லிய வலை. அந்த வலை ஏரியலின்ர அடியில கார் பொடியோட, அதான் தகரத்தோட, முட்டி எர்த் ஆகவேணும். காரின்ர தகரம் முழுக்க ஏரியலுக்கு மற்றப் பாதி எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ. எர்த் விட்டா அரை ஏரியல்தான் மிச்சம். வெளியில பார்த்தா ஒரு குறையும் தெரியாது.

மல்டிமீற்றரைப் பீப் அடிக்கிற இடத்தில வச்சு மூண்டு இடம் பார்த்தன். பிளக்கின்ர நடு ஊசிக்கும் ஏரியல் கம்பிக்கும் பீப் வருது, வயர் அறேல்ல. நடு ஊசிக்கும் வெளி வளையத்துக்கும் பீப் வரக்கூடாது, வரேல்ல, அப்ப உள்ளுக்கு முட்டேல்ல. வெளி வளையத்துக்கும் கார் பொடிக்கும் இடையில தடை ஒரு ஓமுக்கு மேல காட்டக்கூடாது. இது பிளக் கழட்டியிருக்கேக்கதான் பார்க்கவேணும், செட்டில பூட்டியிருந்தா செட்டுக்கால எர்த் காட்டி ஏமாத்திப்போடும். எங்கட காரில நூற்றுக்கு மேல காட்டிச்சுது, அதுவும் வயரை ஆட்ட ஆட்ட ஏறி இறங்குது.

ஏரியலைப் பிடிக்கிற ஸ்குரூவைக் கழட்டப் போனா அது சுத்துதில்ல. ஒருநாள் இரவு முழுக்க எண்ணெய் விட்டுவச்சுத்தான் கழட்டினன். அடியில பச்சையும் வெள்ளையுமாக் களிம்பு, மணல் கூட இருந்துது. அரத்தாளால தகரம் பளபளக்கும் வரைக்கும் தேய்ச்சு, பல்லுப் பல்லா இருக்கிற புது வாசர் போட்டு இறுக்கி, மேல வசலீன் பூசிவிட்டன். பெயின்ற்றுக்கு மேல இறுக்காதேங்கோ, பெயின்ற் கரண்ட் கடத்தாது. வசலீன் இறுக்கின பிறகுதான், முதல் பூசினா பிரயோசனமில்ல. திரும்ப மீற்றரை வச்சன், அரை ஓமுக்குக் கீழ. வாசர், அரத்தாள் எல்லாம் சேர்த்து முந்நூறு ரூபாவும் போகேல்ல. பூஸ்டர் விலையைக் கேக்காதேங்கோ.

இடையில ஒரு விசயம், ஜப்பான் கார் வச்சிருக்கிற ஆக்களுக்கு. அங்கத்தைப் பழைய செட்டில எஃப்எம் 76இல தொடங்கி 90இல முடியும். 90க்கு மேல 108 வரைக்கும் முந்தி அவைக்கு ரீவி ஓடின இடம். எங்களுக்கு எஃப்எம் 88இல இருந்து 108 வரை. அதால ஏரியல் வயருக்கு நடுவில எக்ஸ்பாண்டர் எண்டு ஒரு குட்டிப் பெட்டி பூட்டியிருப்பினம். அது சிக்னலைக் கீழ இறக்கிக் குடுக்கும். எங்கட பெட்டி 12 இறக்குது, 100இல வாற நிலையம் செட்டில 88 எண்டு காட்டும். இப்ப கணக்குப் பாருங்கோ. செட்டின்ர அகலம் 14, எங்கட அகலம் 20. அப்ப 102க்கு மேல இருக்கிற நிலையம் இந்தச் செட்டுக்குள்ள வரவே வராது. ஏரியலைத் தங்கத்தில செய்து பூட்டினாலும் வராது. "அந்த நிலையம் மட்டும் இழுக்குதில்ல" எண்டு ஆரும் சொன்னா, முதல் நம்பரைக் கேளுங்கோ. வேற அளவில இறக்கிற பெட்டியும் இருக்கு, ஆனா அதைப் போட்டா அடிப்பக்கத்து நிலையங்கள் போகும். எல்லாம் வேணுமெண்டா செட்டைத்தான் மாத்தவேணும். அப்பா மாத்த விடமாட்டார், கசற் போடுறது இதில மட்டும்தானாம்.

புதுசா அன்ட்ரொயிட் செட் பூட்டின பிறகு இழுக்காம விட்ட கார் எண்டா வேற கதை. என்ர சிநேகிதன் ஒருத்தன்ர கார் அப்பிடி. அதில ஏரியல் பின்கண்ணாடிக்குள்ள கோடு கோடா அடிச்சது, பக்கத்தில சின்ன அம்பிளிபயர் ஒண்டு. அதுக்குச் செட்டில இருந்து நீல வயரால 12 வோல்ற் போகவேணும். செட் மாத்தினவர் அந்த வயரைச் சும்மா ரேப் சுத்தி விட்டிருக்கிறார். நான் போய்க் கொழுவிவிட்டன், பத்து நிமிச வேலை. அவன் அதுக்குள்ள கண்ணாடியை மாத்த விலை கேட்டிட்டான்.

சரி, இப்ப ஓடிப் பார்ப்பம், வாங்கோ. அப்பாதான் ஓட்டுறார், அவர் கமராவுக்குக் கதைக்கமாட்டார்.

டவுனுக்கால போறம். கொஞ்சம் பொறுங்கோ, மான். ரோட்டுக்குக் குறுக்கால நாலு மான் நிக்குது. எங்கட ஊர் மானுக்குக் கோர்னும் விளங்காது, அவசரமும் விளங்காது. போகட்டும். ரேடியோவைக் கேளுங்கோ, ஒரு இரைச்சல் இருக்கோ?

இப்ப கன்னியாப் பக்கம். வெந்நீரூற்றுக்குத் திரும்பிற இடம் தாண்டிட்டம். இஞ்ச கொஞ்சம் இரையுது, கேக்குதா? இதுக்குக் காரைக் குறை சொல்லேலாது. எஃப்எம் நேர்கோட்டில போறது, மலை மறிச்சா மறிச்சதுதான். நேரா வாறதும் மலையில பட்டுத் திரும்பி வாறதும் ஒண்டோட ஒண்டு அடிபட்டா, கார் ஓட ஓடப் படக் படக் எண்டு வெட்டும். பத்து மீற்றர் தள்ளினாச் சரியாகும். இதில ஒரு வேடிக்கை இருக்கு. நிலாவெளிப் பக்கம் ஜெர்மன் வானொலியின்ர பெரிய மறுஒலிபரப்பு நிலையம் இருந்துது, பிறகு 2013இல இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திட்ட வந்துது. அது சிற்றலை, வானத்தில பட்டுத் தெறிச்சு நாடு நாடாப் போகும். எங்கட ஊரில இருந்து போன சத்தத்தை எங்கயோ தூரதேசத்தில கேட்டிருக்கினம், நான் கன்னியாவில நிண்டு டவுனைக் கேக்கேலாம நிக்கிறன்.

ஆ, தெளிஞ்சிட்டுது. பொறுங்கோ, அறிவித்தல் போகுது. அப்பா கூட்டுறார்.

பேர் வடிவாக் கேட்டுது. ஆரெண்டு அப்பாவுக்குத் தெரியாதாம். ஆனாலும் காரை ஓரங்கட்டுறார், "ஆற்றயோ சொந்தமா இருக்கும், விசாரிப்பம்" எண்டு போனை எடுத்திட்டார். நான் இதில கமராவை நிப்பாட்டுறன், இது முடிய அரை மணித்தியாலம் ஆகும்.