200 மீட்டருக்கு ஒரு ரூபாய்: சின்ன காரில் மைலேஜ் எங்கே போகிறது?

[காட்சி: காலை எட்டரை மணி, பெருங்களத்தூர். டாஷ்போர்டு கேமராவில் ஜிஎஸ்டி சாலை.]

அந்த சிக்னலைப் பாருங்கள், இப்போதுதான் சிவப்பு விழுந்தது. இங்கிருந்து 200 மீட்டர் இருக்கும். நான் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டேன். வண்டி கியரிலேயே உருண்டு போகிறது. அதற்குள் இடப்பக்கமாக ஒரு வெள்ளை கார் சர்ரென்று என்னைத் தாண்டிப் போகிறது. எங்கே போகிறது? அதே சிவப்பு விளக்குக்குத்தான்.

இதோ, இரண்டு பேரும் நிற்கிறோம். அவர் எனக்கு இரண்டு வண்டி முன்னால். அந்த இரண்டு வண்டி இடத்துக்கு அவர் கொடுத்த விலை ஏறக்குறைய ஒரு ரூபாய்.

கணக்கு எளிதுதான். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் ஓடும் காரில் 200 மீட்டர் போக 10 மில்லி பெட்ரோல் வேண்டும். இருமல் மருந்து பாட்டிலின் மூடி இருக்கிறதே, அதில் ஒரு மூடி. லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் மூடிக்கு ஒரு ரூபாய். அவர் மிதித்துக்கொண்டே போய்க் கடைசியில் பிரேக் அடித்தார். நான் அந்த தூரத்தை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த வேகத்திலேயே கடந்தேன்.

[திரையில்: 1000 கிலோ, 60 கி.மீ. வேகம்]

வேகத்தையும் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம். ஆல்டோ, வேகன் ஆர் மாதிரி ஒரு கார், உள்ளே இரண்டு பேர், எல்லாம் சேர்த்து ஆயிரம் கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 60-ல் போகும்போது அதனுள் சுமார் 139 கிலோஜூல் ஆற்றல் இருக்கிறது. எஞ்சின், பெட்ரோலில் உள்ள ஆற்றலில் கால்வாசியை மட்டும் சக்கரத்துக்கு அனுப்புகிறது, மீதி ரேடியேட்டரிலும் சைலன்சரிலும் சூடாகப் போய்விடும். அப்படியானால் நின்ற இடத்திலிருந்து 60-ஐ எட்டவே 18 மில்லி, கிட்டத்தட்ட இரண்டு மூடி ஆகிறது. 40 வரை என்றால் எட்டு மில்லி போதும். வேகம் ஒன்றரை மடங்குதான், செலவு இரண்டு மடங்குக்கு மேல், ஏனென்றால் இந்த ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்.

பிரேக்கை மிதித்தால் அந்த இரண்டு மூடியும் பிரேக் டிஸ்க்கில் சூடாகி மறைந்துவிடுகிறது. ஹைபிரிட், எலெக்ட்ரிக் வண்டிகள் அதில் கொஞ்சத்தைப் பேட்டரிக்குத் திருப்பி எடுத்துக்கொள்ளும். நம் பெட்ரோல் காரில் அந்த வசதி கிடையாது. அதனால்தான் யாராவது மைலேஜ் இல்லை என்று சொன்னால் ஆக்சிலரேட்டர் பற்றி நான் கேட்பதே இல்லை. தாம்பரத்திலிருந்து கிண்டி போவதற்குள் எத்தனை முறை பிரேக் மிதிக்கிறீர்கள் என்றுதான் கேட்பேன். யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். ஒரு நாள் எண்ணிப் பாருங்கள், பயமாக இருக்கும்.

"இடைவெளி விட்டால் பைக் புகுந்துவிடுமே சார்?" புகும். ஷேர் ஆட்டோவும் புகும். புகட்டும். ஒவ்வொருவர் நுழையும்போதும் உங்களுக்குப் போவது இரண்டு விநாடி. அந்த இடைவெளி இருப்பதால்தான் முன்னால் போகிற வண்டி பிரேக் அடித்தால் நீங்களும் அடிக்க வேண்டியதில்லை, காலை எடுத்தாலே போதும். முன்வண்டியின் பம்பரைப் பார்த்து ஓட்டாமல் அதற்கும் முன்னால் மூன்றாவது வண்டியைப் பாருங்கள். அங்கே பிரேக்கின் சிவப்பு விளக்கு எரிந்தால் உங்கள் கால் அப்போதே மேலே வர வேண்டும்.

[காட்சி: ஏற்காடு மலைப்பாதை, இறங்கும் திசை.]

சரி, காலை எடுத்தால் கியரில் விடுவதா, நியூட்ரலா? எங்கள் வீட்டில் இதற்கு ஒரு சண்டையே நடந்திருக்கிறது. பெரியப்பா அம்பாசடர் ஓட்டிப் பழகியவர். இறக்கம் வந்தால் நியூட்ரல், அதுதான் சிக்கனம் என்பார். காற்றோடு பெட்ரோலைக் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் காலத்தில் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கியரில் இறங்கும்போதும் சுழல்கிற எஞ்சின் கார்புரேட்டர் வழியாகப் பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

இப்போது எல்லாமே கம்ப்யூட்டர் சொல்கிறபடி பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர். கியரில் இருக்கும்போது நீங்கள் காலை முழுதாக எடுத்தால், சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குத் தெரிந்துவிடும். உடனே பெட்ரோல் தெளிப்பதை நிறுத்திவிடும். குறைவாக அல்ல, சுத்தமாகப் பூஜ்ஜியம். எஞ்சின் சுழற்சி ஐட்லிங் பக்கம், அதாவது வண்டி நிற்கும்போது எஞ்சின் சும்மா ஓடுகிற அளவுக்கு, இறங்கும்போதுதான் மறுபடி திறக்கும். நியூட்ரலில் போட்டால் சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் தொடர்பு அறுந்துவிடும், எஞ்சின் அணையாமல் இருக்க அது தானே குடித்தாக வேண்டும். சின்ன எஞ்சின் ஐட்லிங்கில் நிமிடத்துக்குச் சுமார் ஒரு மூடி குடிக்கும். ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் நியூட்ரலில் அரை மணி நேரம் இறங்கினால் முந்நூறு மில்லி போச்சு. அதைவிடப் பெரிய விஷயம், எஞ்சின் பிடிமானம் இல்லாமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும். ஏறின கியரிலேயே இறங்கு என்று மலைப்பாதை டிரைவர்கள் சொல்வது சும்மா இல்லை.

சமதளத்தில் ஒரு சின்ன திருத்தம் உண்டு. கியரில் விட்டால் வண்டி சீக்கிரம் வேகம் இழக்கும். அதனால் சிக்னலுக்கு ஐந்நூறு மீட்டர் முன்னாலேயே காலை எடுத்துவிடாதீர்கள், பாதி வழியில் மறுபடி மிதிக்க வேண்டிவரும். எவ்வளவு தூரம் உருளும் என்பது ஒரு வாரத்தில் காலுக்கே பழகிவிடும்.

புறப்படும்போது என்ன செய்வது? முட்டை உடையாத மாதிரி ஆமை வேகத்தில் போக வேண்டியதில்லை. அப்படிப் போனால் கீழ் கியரிலேயே அதிக நேரம் இருப்பீர்கள், அதுதான் நஷ்டம். மிதமாக மிதித்து எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுழற்சி வாக்கில் அடுத்த கியருக்குப் போங்கள். வண்டி முனகினால் கியர் அதிகம் என்று பொருள், ஒன்று இறக்குங்கள். தானே கியர் மாற்றும் ஏஎம்டி கார் வைத்திருப்பவர்கள், வேகம் வந்ததும் காலை ஒரு நூல் தளர்த்துங்கள், அது தானே மேல் கியருக்குப் போகும். அழுத்திப் பிடித்திருந்தால் தாமதமாகத்தான் போகும்.

[திரையில்: ஏசி சின்னம்]

ஏசி. மே மாதத்தில் சென்னையில் ஏசியை அணைக்கச் சொன்னால் எனக்கு அடி விழும், சொல்ல மாட்டேன். ஆனால் ஏசி குடிப்பது கிலோமீட்டர் கணக்கில் இல்லை, மணிக்கணக்கில். மணிக்கு அரை லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஹைவேயில் ஒரு மணி நேரத்தில் 80 கிலோமீட்டர் போய்விடுவீர்கள், அந்த அரை லிட்டர் 80-க்கும் பிரிந்துவிடும். நெரிசலில் அதே ஒரு மணி நேரத்தில் 15 கிலோமீட்டர்தான் நகர்ந்திருப்பீர்கள், மொத்தமும் அந்த 15-ன் தலையில் விழும். ஏசி போட்டால் நகரத்தில் மைலேஜ் படுத்துவிடுகிறது, ஹைவேயில் தெரியவே இல்லை என்று எல்லாரும் சொல்வதற்கு இதுதான் காரணம். வெயிலில் நின்ற வண்டியில் ஏறியதும் நான்கு கண்ணாடியையும் இறக்கி ஒரு நிமிடம் ஓட்டுங்கள். அடுப்பு மாதிரி இருக்கும் காற்று வெளியே போனபிறகு ஏசி போட்டால் அதற்கும் வேலை குறைவு. நீண்ட சிக்னலில் எஞ்சினை அணைக்கலாம், ஏசி இல்லாமல் உட்காரத் தெம்பு இருந்தால்.

சென்னையை விட்டு ஹைவேயில் பரனூர் டோல் தாண்டிவிட்டால் கதை வேறு. அங்கே பிரேக் அரிது, எதிரி காற்று. 80-ல் இருக்கும் காற்றுத் தடையைவிட 100-ல் இருப்பது ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேல். நூறு கிலோமீட்டர் தூரத்துக்கு நீங்கள் மிச்சம் பிடிப்பது கால் மணி நேரம், அதுவும் வழியில் லாரி எதுவும் வலது ஓரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு போகாவிட்டால். போன தீபாவளிக்கு ஊருக்குப் போக மாட்டிய கூரை கேரியர் இன்னும் மேலே இருந்தால் கழற்றிவிடுங்கள்.

டயர் காற்று: டிரைவர் கதவுக்குள் ஸ்டிக்கர் இருக்கும், அதில் போட்டிருக்கும் அளவு, வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது. அவ்வளவுதான். காலையில் பெட்ரோல் போட்டால் அதிகம் கிடைக்கும் என்பதை மறந்துவிடுங்கள், பங்க்கின் தொட்டி தரைக்கு அடியில் இருக்கிறது, காலைக்கும் மதியத்துக்கும் அதில் பெரிய மாற்றம் இருக்காது. சாதாரண பெட்ரோலுக்கென்று செய்த எஞ்சினில் விலை அதிகமான பெட்ரோல் ஊற்றுவதும் வீண்.

ஒன்று மட்டும் உங்கள் தவறு இல்லை. இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் லிட்டருக்கு உள்ள ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே அதே காலை வைத்து ஓட்டினாலும் பழைய எண் வராது. விளம்பரத்தில் போடுகிற எண்ணும் வராது. அது ஆய்வுக்கூடத்தில் உருளைகள் மேல், ஏசி இல்லாமல் ஓட்டி எடுத்தது. அங்கே குறுக்கே மாடு வராது.

[காட்சி: பெட்ரோல் பங்க்.]

உங்கள் எண்ணை நீங்களே எடுங்கள். ஆட்டோ கட் ஆகும் வரை நிரப்பி ட்ரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்குங்கள். அடுத்த முறை அதே பங்க்கில், முடிந்தால் அதே பம்ப்பில், மறுபடி ஆட்டோ கட் வரை. 412 கிலோமீட்டர் ஓடி 24.6 லிட்டர் பிடித்தால் 412-ஐ 24.6-ஆல் வகுத்தால் 16.7. டாஷ்போர்டு காட்டும் எண்ணோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள், இரண்டும் அப்படியே ஒத்துப்போகாது. ஒரு டேங்க் கணக்கை வைத்து முடிவு கட்டாதீர்கள். அந்த வாரம் மழை பெய்திருக்கும், மாமியார் வீட்டுக்கு ஐந்து பேரோடு போயிருப்பீர்கள். மூன்று டேங்க் வழக்கம்போல் ஓட்டுங்கள், பிறகு மூன்று டேங்க் பிரேக்கை எண்ணிக்கொண்டு ஓட்டுங்கள்.