கூண்டுக்குள் நாம், வெளியே வெள்ளைச் சுறா

(தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தமிழ் மன்ற ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

அவைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் மாநகராட்சி உறுப்பினர் அம்மையார் அவர்களே, கோயில் அறங்காவலர் ஐயா அவர்களே, எனக்கு முன் பேசி அவையைக் கட்டிப்போட்ட மருத்துவர் அவர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, வணக்கம். சால்ஸ்பரி தீவில் வலை இழுத்த குடும்பத்துப் பெரியவர் ஒருவரும் வந்திருக்கிறார். 1860-இல் ட்ரூரோ கப்பலில் நம்மவர்கள் வந்திறங்கிய துறைமுகம் இது. இங்கே கடலைப் பற்றிப் பேச என்னைவிட அவருக்கே உரிமை அதிகம். அவருடைய அனுமதியோடு தொடங்குகிறேன். பொன்னாடை போர்த்திய இளைஞர் அணிக்கும் என் நன்றி.

வெள்ளைச் சுறாவோடு நீரில் இறங்குவதன் கிளர்ச்சி, அதன் ஆபத்து, அந்தத் தொழிலுக்கான சட்டம் என மூன்றைப் பேசுவேன் என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். மூன்றையும் ஒரு பழமொழியில் அடக்கலாம்: அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

கேப் டவுனுக்குக் கிழக்கே கான்ஸ்பாய் பக்கம் கிளைன்பாய் என்று ஒரு சின்னத் துறை. அங்கிருந்து படகு டயர் தீவுப் பக்கம் போகும். அருகிலுள்ள கெய்சர் பாறையில் ஆயிரக்கணக்கான சீல்கள் கத்திக்கொண்டு கிடக்கும். அவற்றைத் தின்னத்தான் சுறா வருகிறது. நம்மைத் தேடி வரவில்லை. மீன் எண்ணெயும் மீன் கூழும் கலந்து கடலில் ஊற்றுவார்கள். அந்த நாற்றம் இரண்டு நாளைக்குச் சட்டையை விட்டுப் போகாது. படகின் பக்கவாட்டில் இரும்புக் கூண்டு. இடுப்பில் ஈயப் பட்டை கட்டி இறக்குவார்கள். மூச்சுக் குழாய் எதுவும் கிடையாது. மேலிருந்து குரல் வந்ததும் மூச்சைப் பிடித்து அமிழ வேண்டும்.

நான் அமிழ்ந்தபோது பச்சை நீரைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. குளிரில் தாடை கிட்டித்துப் போயிற்று. திடீரென்று அந்தப் பச்சைக்குள்ளிருந்து ஒரு முகம் வந்தது. மூக்கு நுனியெங்கும் கரும்புள்ளிகள்; மின்னதிர்வை உணரும் துளைகள் அவை. கண்ணைக் கறுப்பு என்று நினைத்திருந்தேன், பக்கத்தில் பார்த்தால் கருநீலம். என்னைப் பார்த்தது. பார்த்துவிட்டுப் போய்விட்டது. அவ்வளவு பெரிய உடல் இவ்வளவு நிதானமாகத் திரும்ப முடியுமா என்று மேலே வந்த பிறகும் வாயடைத்து நின்றேன்.

இந்தக் கூண்டு வந்த கதையை நீங்கள் கேட்டே ஆக வேண்டும். 1963 டிசம்பர். தெற்கு ஆஸ்திரேலியாவின் ஆல்டிங்கா கடற்கரை. ஈட்டியால் மீன் குத்தும் போட்டி. ராட்னி ஃபாக்ஸ் என்ற இளைஞர் முந்தைய ஆண்டின் சாம்பியன். பெரிய மீன் ஒன்றைக் குறிவைத்து நெருங்குகிறார். பக்கவாட்டில் மோதியது ஒன்று. ஈட்டி போயிற்று, முகக் கண்ணாடி போயிற்று, மார்பு சுறாவின் வாய்க்குள்! கண்ணைக் குத்தப் பார்க்கிறார். பிடி தளர்கிறது. தள்ளப்போன கை மறுபடி பல்லுக்குள் போகிறது. உருவி எடுக்கிறார், கை கிழிகிறது. மேலே வந்து மூச்சு வாங்குகிறார். சுறா திரும்பி வந்து, பிடித்த மீன்களைக் கட்டிவைத்திருந்த மிதவையைக் கவ்வுகிறது. மிதவைக் கயிறு இவர் இடுப்பில்! ஆழத்துக்கு இழுத்துப் போகிறது. கொக்கியைத் தேடுகிறார், கிடைக்கவில்லை. மூச்சு முடியப்போகும் கட்டத்தில், ஐயா, கயிறு அறுந்தது! பக்கத்தில் இருந்த படகில் தூக்கிப் போட்டார்கள். நுரையீரல் வெளியே தெரிந்தது. அவர் அணிந்திருந்த நீருடையைக் கழற்றாமல் அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுபோனதால்தான் உடல் சிதறாமல் இருந்தது. முந்நூறுக்கும் மேற்பட்ட தையல். மணிக்கட்டில் பல் துணுக்கு ஒன்று தங்கியே விட்டது.

பிழைத்தவர் என்ன செய்தார்? மிருகக்காட்சிச் சாலையில் சிங்கத்தைக் கம்பிக்குப் பின்னால் பார்த்தார். கம்பிக்குள் நான் இருந்தால் என்ன என்று யோசித்தார். கூண்டு பிறந்தது. கடித்த சுறாவைக் கொல்லச் சொல்லாமல், அந்த இனத்தைக் காப்பாற்றுங்கள் என்று ஆயுள் முழுவதும் பேசினார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இந்த மனிதர் அரளவில்லை.

ஆபத்தே இல்லையா என்றால், இருக்கிறது. 2008-இல் கான்ஸ்பாயில் ஒரு சுற்றுலாப் படகைப் பேரலை கவிழ்த்து மூவர் இறந்தார்கள். அவர்களைக் கொன்றது அலை, சுறா அல்ல. சுறாவால் பின்னோக்கி நீந்த முடியாது. கம்பிக்குள் தலை மாட்டிக்கொண்டால் முன்னேதான் முட்டும். ஆகவே இரையைக் கூண்டுக்கு நேராக இழுக்கும் படகோட்டியை நம்பாதீர்கள்.

அந்தப் பெரிய முகங்களை இப்போது கான்ஸ்பாயில் காண்பது அரிது. 2017-இல் கல்லீரல் பிடுங்கப்பட்ட வெள்ளைச் சுறாக்கள் அங்கே கரை ஒதுங்கின. முதுகுத் துடுப்பு வளைந்த இரண்டு ஓர்காக்களின், அதாவது கொலைகாரத் திமிங்கிலங்களின், வேலை. மிஞ்சியவை இடம்பெயர்ந்தன. ஆனால் ஓர்காவை மட்டும் குற்றம் சொல்லி நாம் தப்ப முடியாது. இதற்காகத்தான் இன்று மேடை ஏறினேன்.

1991-இல் உலகிலேயே முதலாவதாக வெள்ளைச் சுறாவுக்குச் சட்டப் பாதுகாப்பு தந்த நாடு நம்முடையது. அதே நாட்டில், இதே டர்பனில் 1952 முதல் வலை கட்டிக் கொல்கிறோம். 1957 டிசம்பரில் நேட்டால் தென்கரையில் தொடங்கிய சுறாத் தாக்குதல்களில் பிள்ளைகளை இழந்த தாய்மார்களின் துயரம் எனக்குப் புரியும். ஆனால் அந்த வலை வேலி என்று நினைத்துக் கடலில் இறங்குகிறீர்களே, அது வேலியே இல்லை! பெரும்பாலான வலைகள் ஏறக்குறைய 200 மீட்டர் நீளம், 6 மீட்டர் ஆழம். மேலேயும் கீழேயும் சுற்றியும் சுறா வரலாம். சிக்குபவற்றில் பல, கரைப்பக்கம் வந்துவிட்டுத் திரும்பும்போது சிக்குகின்றன. ஆமையும் டால்ஃபினும் திருக்கையும் அதில் மூச்சுத் திணறிச் சாகின்றன. பெண் வெள்ளைச் சுறா குட்டி ஈனும் பருவத்தை எட்ட முப்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. ஒன்று போனால் ஈடுகட்ட யாரால் முடியும்?

கேப் டவுன் பக்கத்துக் கடற்கரையான மியூசன்பர்க்கில் என்ன செய்கிறார்கள்? மலைச்சரிவில் ஆள் உட்கார்ந்து பார்க்கிறார். சுறா தெரிந்தால் வெள்ளைக் கொடி, சங்கொலி, குளிப்பவர்கள் கரையேறுகிறார்கள். அதற்குப் பக்கத்து ஃபிஷ் ஹூக்கில் காலையில் விரித்து மாலையில் எடுக்கும் நெருக்கமான கண்ணி வலை. சிக்க வைக்காமல் தடுத்து நிறுத்துவது. டர்பனில் மலை இல்லை, ஆற்று நீர் கலங்கல் என்பீர்கள். உண்மைதான். ஆனால் மத்தி மீன் கூட்டம் வரும் நாட்களில் வலையை எடுத்துவிட்டுக் குளிக்கத் தடை போடுகிறார்களே, ஊர் மூழ்கியா போயிற்று? அந்த நாட்களில் முடிவது, கலங்கல் மிகுந்த நாட்களிலும் முடியும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று இந்த வலைகளைப் பார்த்துக்கொள்ளும் சுறா வாரியத்து அதிகாரிகளிடமும் சொல்லியிருக்கிறேன். சிக்கிய சுறாவை உயிரோடு விடுவிக்க அவர்களில் பலர் பாடுபடுவதையும் பார்த்திருக்கிறேன்.

சட்டத்தைப் பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் மணியடித்துவிட்டார். வாசலில் தேநீர் மேசைக்குப் பக்கத்தில் மனு இருக்கிறது. முதலில் ஒரே ஒரு கடற்கரையில் ஓராண்டுக்கு வலையை எடுத்துவிட்டு, தடுப்பு வலையும் காவலரும் வையுங்கள் என்று கேட்டிருக்கிறோம். மாநகராட்சி உறுப்பினர் அம்மையார் முதல் கையெழுத்தைப் போட வேண்டும் என்று இந்த அவையின் முன் வேண்டிக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.