மூன்று ஸ்டம்பும் ஒரு வேப்பங்கன்றும்

(பட்டிமன்றத் தலைப்பு: அபிமான நடிகர் மறைந்தால் நாம் சிந்தும் கண்ணீர் உள்ளத்தின் துயரமா, ஊரின் ஆரவாரமா? ‘உள்ளத்தின் துயரமே’ அணியின் மூன்றாவது உரை.)

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் விழாக் குழுவுக்கும் வணக்கம். மீதி வணக்கங்களை எனக்கு முன்னால் பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள், அதிலேயே என் பங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொடுத்திருப்பது எட்டு நிமிடம்.

எதிரணிப் பேராசிரியர் அம்மா ஒரு கேள்வி கேட்டார். “பெரியப்பா கருமாதியில் ‘பந்தி எப்ப?’ என்று கேட்கிறவன், நடிகர் செத்தால் நெஞ்சில் அடித்துக்கொள்கிறான். அவர் உனக்கு யாரப்பா? மாமனா, மச்சானா?” என்றார். என்ன கைதட்டல்! விசில் வேறு. மூன்றாவது வரிசையில் என் வீட்டுக்காரியும் கை தட்டியதை இங்கிருந்தே பார்த்தேன். அந்தக் கணக்கை வீட்டில் பார்த்துக்கொள்கிறேன்.

நடுவர் அவர்களே, பந்தி எப்போது என்று கேட்டவன் நான்தான். ஒளிக்கவில்லை. கேட்டது மட்டுமல்ல, முதல் பந்தியிலேயே உட்கார்ந்தேன். என் பெரியப்பா உயிரோடு இருந்த வரைக்கும் என்னைப் பார்த்தபோதெல்லாம் கேட்டது ஒரே கேள்வி: “உங்கப்பன் அந்த வரப்பை எப்ப விடுவான்?” பத்தாம் வகுப்பில் பாஸாகிவிட்டேன் என்று மிட்டாயோடு போனேன். மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, “சரி, அந்த வரப்பு?” என்றார். என் கல்யாணத்தில் அட்சதை போட வந்தவர், காதோரமாகக் குனிந்தார். ஆசீர்வாதம் என்று நினைத்துத் தலையைக் குனிந்தேன். வரப்புதான்! ரத்தம் ஒன்றுதான் அம்மா, நான் மறுக்கவில்லை. ஆனால் கண்ணீர் வரப்பைத் தாண்டி வர மாட்டேன் என்கிறதே, என்ன செய்ய?

மாமனா, மச்சானா என்று கேட்டீர்கள். மாமாவிடமிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் தாய்மாமன் எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர். காக்கை வந்தால் கையைக் கழுவிவிட்டு வந்துதான் ஓட்டுவார். போன் பண்ணினால் மிஸ்டு கால்தான். அவர் அழுது நாங்கள் யாரும் பார்த்ததில்லை; கண்ணீர் கூடச் செலவுக் கணக்கில் வரும் என்று நினைக்கிறாரோ என்னவோ.

2021 ஏப்ரல் 17, சனிக்கிழமை. நகைச்சுவை நடிகர் விவேக் மறைந்த நாள். முந்தின நாள் காலையில் வீட்டில் மயங்கி விழுந்தவர், விடிவதற்குள் போய்விட்டார். 59 வயது. மாமா அன்று பகல் முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். கரண்ட் பில்லைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அதிலேயே அத்தை பயந்துவிட்டார். சட்டமன்றத் தேர்தல் முடிந்து முடிவு வராத நேரம். நடத்தை விதி இருந்ததால் தேர்தல் ஆணையத்திடம் அனுமதி வாங்கித்தான் காவல்துறை மரியாதையே கொடுத்தார்கள். விருகம்பாக்கத்தில் குண்டு முழங்கியதைப் பார்த்துவிட்டு மாமா எழுந்து போய்ப் படுத்தார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மிஸ்டு கால். கூப்பிட்டேன். “மாப்ள, வண்டியை எடுத்துட்டு வா.”

“எங்க மாமா?”

“நர்சரிக்கு.”

கொரோனா காலம். அடுத்த வாரமாக இருந்தால் ஞாயிறு முழு ஊரடங்கு. இந்த ஞாயிறு தப்பித்தது. மாமா பின்னால் உட்கார்ந்தார், பெட்ரோல் என்னுடையது. அங்கே போய், “வேப்பங்கன்னு எவ்வளவு?” என்றார். “இருபது ரூபாய் சார்.” மாமாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஏய்யா, மரத்தடியில சும்மா முளைச்சுக் கிடக்கிறதுக்கு இருபது ரூபாயா?” அந்த ஆளும் சளைக்கவில்லை. “அப்ப அங்கேயே போய்ப் பிடுங்கிக்குங்க.”

பேரம் பதினைந்து நிமிடம் நடந்தது. பதினெட்டு, பதினேழு, பதினாறரை! அரை ரூபாய் எங்கே இருக்கிறது இந்த நாட்டில்? கடைசியில் அந்த ஆள் சலித்துப்போய், “எதுக்கு சார் கன்னு?” என்றார். மாமா சொன்னார்: “விவேக்குக்கு.”

நர்சரிக்காரர் பேசவில்லை. கன்றை எடுத்துத் தண்ணீர் தெளித்து, “பத்து ரூபாய் குடுங்க. காலையிலேர்ந்து நீங்க ஏழாவது ஆளு” என்றார்.

மாமா சட்டைப் பையிலிருந்து இரண்டு பத்து ரூபாய் நோட்டை எடுத்து அவர் கையில் வைத்து அழுத்தினார். “இருபதையே வச்சுக்க.”

நடுவர் சிரித்துக்கொண்டிருந்தார், சரியாகக் கேட்டிருக்காது. மறுபடி சொல்கிறேன். இருபது ரூபாய்க் கன்று. விற்கிறவன் பத்துக்குத் தருகிறேன் என்கிறான். வாங்குகிறவர், ‘வேண்டாம், இருபதையே வைத்துக்கொள்’ என்கிறார். வாங்குகிறவர் யார்? என் மாமா! அம்மா, ஆரவாரம் என்றீர்களே, அங்கே கேமரா இருந்ததா? கூட்டம் இருந்ததா? நானும் அவரும் நர்சரிக்காரரும் ஒரு நாயும்தான் இருந்தோம்.

எதிரணியின் முதல் பேச்சாளர் ஒன்று சொன்னார். செத்தால் மறுநாள் பால், அவ்வளவுதான் என்று திரையில் சொல்லிச் சிரிக்க வைத்தவரே விவேக். அவருக்குப் போய் இத்தனை நாள் துக்கமா என்று. ஐயா, என் மாமாவும் மறுநாளே கடமையை முடித்துவிட்டார். பாலுக்குப் பதில் தண்ணீர் ஊற்றினார். பால் லிட்டர் என்ன விலை என்று அவருக்குத் தெரியும்.

கன்றை எங்கே வைப்பது? “உங்க வீட்டு வாசல்ல வைக்கலாம் மாமா” என்றேன். “இலை கொட்டும், யாரு கூட்டுறது? தெருக்கோடிப் பொட்டல்ல வைப்போம்.” பொட்டலில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். அதன் ஓரத்தில் குழி தோண்டி வைத்தோம். மூன்றாம் நாள் ஆடு வந்து பாதியைத் தின்றுவிட்டது. மாமா பரணில் ஏறினார். மூன்று கிரிக்கெட் ஸ்டம்பை எடுத்து வந்தார். கன்றைச் சுற்றி மூன்று பக்கமும் குத்தி, பழைய கொசுவலையைச் சுற்றிவிட்டார். பையன்களுக்கு ஒரே குழப்பம். “தாத்தா, இது மரமா, விக்கெட்டா?” பந்து அதில் பட்டால் அவுட்டா இல்லையா என்று அன்று சாயங்காலம் ஒரே அடிதடி. மாமா தீர்ப்புச் சொன்னார்: “கன்னு மேல பட்டா ரெண்டு டீமும் அவுட்டு. வீட்டுக்குப் போங்கடா.” நம் நடுவரும் இன்று இப்படி ஒரு தீர்ப்பைச் சொன்னால் நன்றாக இருக்கும், சாப்பாட்டுக்கு நேரமாகிறது.

மணி அடித்துவிட்டார்கள். இரண்டு நிமிடம் கொடுங்கள் ஐயா. பேருந்து எரிப்பு, கடையடைப்பு என்று பட்டியல் போட்டார்கள், அதற்குப் பதில் சொல்லாமல் போக முடியாது. 2006-ல் கன்னட நடிகர் ராஜ்குமார் மறைந்தபோது பெங்களூரு பற்றி எரிந்தது, உண்மை. உயிர்கள் போயின. அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். அதே பெங்களூரில், அதே மனிதரின் மகன், நடிகர் புனித் 2021 அக்டோபரில் 46 வயதில் போனார். அப்பாவைப் போலவே அவர் கண்களும் தானமாகப் போயின. ஜனங்கள் கண் தானத்துக்குப் பெயர் கொடுக்க வரிசையில் நின்றார்கள். நம் விவேக்கிடம் அப்துல் கலாம் ஒரு கோடி மரம் கேட்டார். இவர் 33 லட்சத்துக்கு மேல் நட்டுவிட்டுத்தான் போனார். அஞ்சலிக்கு வந்தவர்கள் கையில் மாலைக்குப் பதில் மரக்கன்று இருந்தது. விருகம்பாக்கத்தில் அவர் இருந்த தெருவுக்கு மறு வருஷமே சின்னக் கலைவாணர் விவேக் சாலை என்று பெயர் வைத்தார்கள். சரி, அதெல்லாம் பேப்பரில் வந்தது.

பேப்பரில் வராதது ஒன்று இருக்கிறது. அம்மா மாமனா, மச்சானா என்று கேட்டார். மாமாவைச் சொல்லிவிட்டேன். மச்சானைச் சொல்லவில்லை.

பரணில் அந்த ஸ்டம்பு எப்படி வந்தது என்று இங்கே யாரும் கேட்கவில்லை. சிரித்துவிட்டீர்கள். நானும் அன்று சிரிக்கத்தான் செய்தேன். மாமாவுக்கு ஒரு பையன் இருந்தான். முறைப்படி எனக்கு மச்சான், வயதில் சின்னவன். 2012-ல் காய்ச்சல் என்று படுத்தான், ஐந்தாம் நாள் இல்லை. பதினான்கு வயது. ஸ்டம்பு அவனுடையது. ஆடிய இடம் அந்தப் பொட்டல். அன்றைக்கு மாமா அழவில்லை. பந்தல்காரருக்கு எவ்வளவு, ஐஸ் பெட்டிக்கு எவ்வளவு என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். கல் மனுஷன் என்று ஊர் சொன்னது. நானும் சொன்னேன்.

2015-ல் விவேக்கும் மகனைப் பறிகொடுத்தார். அந்தப் பையனுக்குப் பதின்மூன்று வயது. அப்புறம் அந்த மனிதர் திரும்பி வந்து நம்மைச் சிரிக்க வைத்தார், பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகள் கையில் கன்று கொடுத்தார். டிவியில் அவர் காமெடி வந்தால் வீடே சிரிக்கும், மாமா மட்டும் சிரிக்காமல் உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். சிரிப்புக்கும் கஞ்சத்தனமா என்று நாங்கள் கேலி செய்வோம். எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எனக்குப் புரிந்தது அந்தப் பொட்டலில்தான். மூன்றாவது ஸ்டம்பைக் குத்திவிட்டுக் கையை எடுக்கவே இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். ஒன்பது வருஷ அழுகை, நடுவர் அவர்களே. “எப்படிறா தாங்குனான் அந்த மனுஷன்” என்று திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னார். யாருக்காக அழுதார் என்று கேட்காதீர்கள், அவருக்கே தெரியாது.

மரம் இப்போது இரண்டு ஆள் உயரம். ஆடு இனி ஒன்றும் செய்ய முடியாது. “ஸ்டம்பைப் பிடுங்கி வைக்கட்டுமா மாமா?” என்று போன பொங்கலுக்குக் கேட்டேன். “இருக்கட்டும் மாப்ள. ஆடுற பயலுக எடுத்துக்கட்டும்.” சாயங்காலம் பையன்கள் அதைப் பிடுங்கிக்கொண்டு போய் ஆடுகிறார்கள். இருட்டியதும் மரத்தடியில் திரும்பக் குத்திவிட்டுப் போகிறார்கள். மாமா கையில் டார்ச்சோடு போய் எண்ணிப் பார்க்கிறார். மூன்று.

நன்றி, வணக்கம்.