பை கேட்ட பெண்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

போன மாதம் சுடிதார் தைக்கக் கொடுத்தேன். "பக்கத்துல ஒரு பை வெச்சிடுங்க தம்பி" என்றேன். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு டெய்லர் சிரித்தார். "எதுக்கும்மா? ஃபிட்டிங் போயிடும். கையிலதான் பை இருக்கே!" கேட்டுக்கொண்டிருக்கும் பெண்களில் பாதிப் பேருக்கு இந்தப் பதில் மனப்பாடமாக இருக்கும்.

ஐரோப்பியப் பெண்களும் ஒரு காலத்தில் பாவாடைக்குள் இடுப்பில் நாடா கட்டிப் பை தொங்கவிட்டிருந்தார்கள். நம் பாட்டிமார் சுருக்குப்பை செருகியிருப்பார்களே, அதற்கு ஒன்றுவிட்ட அக்கா மாதிரி. 18ஆம் நூற்றாண்டு முடியும்போது உடை மெலிந்து உடம்போடு ஒட்டியது. உள்ளே இருந்த பைக்கு இடமில்லாமல் போக, கையில் ஊசலாடும் குட்டிப் பை வந்தது. ஒரு கை போச்சு, பாருங்கள்.

1910 வாக்கில் இன்னொரு வேடிக்கை. பாரிஸில் பால் பொய்ரே என்ற உடை வடிவமைப்பாளர். இடுப்பை நெரித்த கார்செட்டைக் கழற்றிவிட்டவர் என்று பேர் வாங்கியவர். அவர் பிரபலமாக்கிய பாவாடை காலடியில் இறுகி, குழந்தை நடை நடக்கவைத்தது. நியூயார்க்கில் 1912இல், ஏறுவதற்குச் சுலபமாகத் தரையோடு தாழ்ந்த டிராம் விட்டார்கள். அதற்கு அந்தப் பாவாடையின் பெயரையே சூட்டிவிட்டார்கள் ஊரார். பாவாடையை விரிக்கத் தோன்றவில்லை, டிராமைத் தாழ்த்தத் தோன்றியது!

நான் பைக்கே வருகிறேன். என் பேச்சு எப்போதும் பையில்தான் போய் விழும் என்று வீட்டில் கேலி செய்வார்கள். அதே நியூயார்க்கில் ஆலிஸ் டூயர் மில்லர் என்ற பெண்மணி 'ட்ரிப்யூன்' நாளிதழில் பத்தி எழுதிவந்தார். பெண்களுக்கு ஓட்டு வேண்டாம் என்றவர்களின் வாதங்களை அப்படியே எடுத்து, 'ஓட்டு' இருந்த இடத்தில் 'பை' என்று போட்டார். பை பிறப்புரிமை அல்ல. பெரும்பாலான பெண்களுக்குப் பை வேண்டாம், வேண்டுமென்றால் இந்நேரம் இருந்திருக்குமே. அப்புறம், யார் பையை நிரப்புவது என்று புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வரும். இன்னும் சொல்கிறார்: ஆண்கள் பையில் புகையிலையும் விஸ்கியும் வைத்துக்கொள்கிறார்கள், பெண்கள் மட்டும் உருப்படியாகவா வைப்பார்கள்?

படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு என் டெய்லர் ஞாபகம் வந்தது. ஃபிட்டிங் போயிடும் என்றாரே, அதை மில்லர் அம்மையாரிடம் கொடுத்திருந்தால் பட்டியலில் சேர்த்திருப்பார். சாவியும் சில்லறையும் தன் உடையிலேயே இருந்தால் எவரையும் கேட்காமல் கிளம்பலாம். ஓட்டுக்குப் போராடியவர்களுக்கென்று பை நிறைய வைத்துத் தைத்த உடை 1910இலேயே நியூயார்க் பத்திரிகையில் பேசப்பட்டது, சும்மாவா?

1915இல் நியூயார்க் மாநில ஆண்கள், பெண்களுக்கு ஓட்டு வேண்டாம் என்று வாக்களித்தார்கள். 1917இல் மறுபடி கேட்டபோது சரி என்றார்கள். நாடு முழுவதும் 1920இல் வந்தது. முதல் உலகப்போரில் வெடிகுண்டுத் தொழிற்சாலைகளில் பெண்கள் கால்சட்டை போட்டதையும், கூந்தலைக் கத்தரித்ததையும் சொல்ல வந்தேன். ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரல் காட்டுகிறார்கள், ஒரு நிமிஷம்தானாம். கூந்தலுக்கு இன்னொரு நாள் கூப்பிடுங்கள்.

அந்தச் சுடிதார் வந்துவிட்டது. பை இருக்கிறது. என் பேருந்துச் சீட்டு நுழையும், கைக்குட்டை நுழையாது.

வணக்கம்.