கேப் போட்ட பல்லை எப்படித் தேய்ப்பது?

நேயர்களுக்கு வணக்கம். "ரூட் கேனால் பண்ணி நரம்பை எடுத்தாச்சே, இனி அந்தப் பல்லுக்கு என்ன ஆகும்?" என்று கேட்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். பல் மருத்துவராக எனக்குப் பெரிய கவலையே அந்தக் கேள்விதான்.

நரம்பு போனால் பல்லில் கூச்சமும் போய்விடும். சொத்தை விழுந்தாலும் பச்சைத்தண்ணீர் காட்டிக்கொடுக்காது. அந்தப் பல்லின் மேல் மாட்டும் உறைதான் கேப். அதற்குச் சொத்தை வராது, வாஸ்தவம். ஆனால் அது முடிகிற ஈறோரத்தில் இருப்பது உங்கள் சொந்தப் பல். சொத்தை நுழைவது அந்த விளிம்பில்தான்.

மதுரையில் பூக்கட்டி விற்கும் ஒரு அம்மா வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்தால் உள்ளே கேப்! "சோறு திங்கும்போது கழண்டுடுச்சு டாக்டர், வலியே இல்ல" என்றார். வாயைத் திறந்து பார்த்தேன். கடைவாய்ப் பல் ஊறிய மரக்கட்டை மாதிரி மெத்தென்று கிடந்தது. இரண்டு வேளையும் பல் தேய்ப்பவர்தான். கேப் கழன்றுவிடுமோ என்ற பயத்தில் அந்தப் பக்கம் மட்டும் பிரஷ்ஷைக் கொண்டுபோகவில்லை. பல்லை எடுக்க வேண்டியதாயிற்று.

மறுபக்கமும் அவருக்கு ஒரு கேப் உண்டு. அதையாவது காப்பாற்ற வேண்டுமே என்று பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் ஃப்ளாஸ் நூலைக் கையில் கொடுத்தேன். மற்றவர்கள் பழக நாளாகும். அவர் விரலில் சுற்றிய வேகத்தைப் பார்க்க வேண்டும்! "காம்பு நசுங்காம நூலை இழுக்கணும், அவ்வளவுதானே?" என்றார். அதேதான். வெடுக்கென்று இறக்கி ஈறை அறுக்காமல், பல்லை அணைத்தபடி வளைத்து, மேலும் கீழும் இழுக்க வேண்டும். பூக்கட்டும் நூலே போதுமா என்றும் கேட்டார். வேண்டாம், அதன் பிசிறு ஈறில் மாட்டும்.

வேப்பங்குச்சியை நான் குறை சொல்ல மாட்டேன். மென்ற நுனி வெளிப்பக்கத்தை நன்றாகவே தேய்க்கும். ஆனால் இடுக்குக்குள் போகாது. மிருதுவான பிரஷ்ஷும் போகாதே! அதனால்தான் நூல். ஈறு இறங்கி இடுக்கு அகலமானவர்களுக்கு நூலைவிடப் பல்லிடுக்கு பிரஷ் வசதி. இடுக்குக்கு ஏற்ற அளவைக் கேட்டு வாங்குங்கள், திணிக்காதீர்கள். தண்ணீர் பீய்ச்சும் கருவி சோற்றுப் பருக்கையைத் தள்ளும். ஒட்டிய படிவுக்கு அது மட்டும் போதாது. உமிக்கரி, செங்கல்பொடி வேண்டவே வேண்டாம். ஈறோரத்தை அரைத்துவிடும். ஃப்ளோரைடு பேஸ்ட், காலையும் இரவும் இரண்டு நிமிடம். கேப் இருக்கும் பக்கத்தையும் சேர்த்து. திரும்பவும் சொல்கிறேன், வலிக்கவில்லை என்று அந்தப் பக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். வாய் கொப்பளிக்கும் மருந்தைப் பற்றி ஒரு வரி: குளோர்ஹெக்சிடினை டாக்டர் சொன்ன நாள் வரைக்கும்தான், தொடர்ந்தால் பல்லில் கறை பிடிக்கும். அப்புறம், தற்காலிக அடைப்போடு இருப்பவர்கள் நூலை மேலே தூக்காமல் பக்கவாட்டில் உருவுங்கள். தூக்கினால் அடைப்பும் சேர்ந்து வரும். வணக்கம்.