பிறந்த வாரமும் மூன்றாம் வகுப்பும்

(மதுரையில் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் கூட்டத்தில் ஒரு குழந்தை மருத்துவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆசிரியப் பெருமக்களே, வணக்கம். கர்ப்பத்தின் 37 வாரம் நிறைவதற்கு முன் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்கிறோம். எடை ஏறும்வரை வீட்டார் அனைவரும் அதே கவலையாக இருப்பார்கள். 34 வாரத்துக்கு முன்போ இரண்டு கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்திருந்தால், 30 நாளுக்குள் விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும் என்பதும், 1976 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இயங்கிவரும் இந்த ஊரில் பல பெற்றோருக்குத் தெரியும். ஆனால் குழந்தை நடந்து, பேசி, பள்ளிக்கும் போகத் தொடங்கியபின், அது பிறந்த வாரத்தை வீடு மறந்துவிடுகிறது. பள்ளியோ அதை எப்போதுமே கேட்பதில்லை. மூன்றாம் வகுப்பில் அந்தக் கேள்வி அவசியமாகிறது என்பதைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

34 வாரத்தில் மூளையின் எடை நிறைமாதத்தில் இருக்கவேண்டியதில் ஏறத்தாழ 65 சதவீதம்தான். மடிப்புகள் பெருகுவதும், நரம்பிழைகளுக்கு உறை போடும் செல்கள் முதிர்வதும் பெரும்பாலும் அந்தக் கடைசி வாரங்களில் நடப்பவை. மிக முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு மூச்சுத் திணறலோ கிருமித் தொற்றோ ஏற்பட்டால், முதலில் அடிபடுவது இந்த இளம் செல்களே. மூளையின் ஒரு பகுதிக்கும் மற்றொரு பகுதிக்கும் இடையே செய்தி செல்லும் வேகம் இதனால் குறையலாம். அப்படிக் குறைந்திருப்பது நடையிலோ பேச்சிலோ தெரியாமலே போகலாம்.

அது எங்கே தெரியும்? 52இலிருந்து 17ஐக் கழிக்கச் சொல்லுங்கள். கடன் வாங்கி, 12இல் 7 போக 5 என்று சரியாகவே எழுதும் குழந்தை, கடன் கொடுத்த ஐந்து நான்காகிவிட்டதை அதற்குள் மறந்து, 45 என்று விடை போடுகிறது. கழித்தல் தெரியாததால் வந்த தவறு அன்று இது. ஒன்றைச் செய்துகொண்டே மற்றொன்றை மனத்தில் தாங்கி நிற்கும் செயல்நினைவு தளர்ந்ததால் வந்தது. "நோட்டை எடு, இருபத்து மூன்றாம் பக்கத்தைத் திற, இரண்டாவது கணக்கைப் போடு" என்று ஒரே மூச்சில் சொன்னால், நோட்டை எடுத்துவைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பதும் இதே குழந்தைதான். அதைத்தான் நாம் "சொன்ன பேச்சு கேட்பதில்லை" என்கிறோம். எனக்கு இது மிகுந்த வேதனை தருகிறது.

பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2002இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, நிறைமாதத்தில் பிறந்தவர்களைவிடக் குறைமாதத்தில் பிறந்த பள்ளிப் பிள்ளைகளின் நுண்ணறிவு மதிப்பெண் (IQ) சராசரியாக ஏறத்தாழ 11 புள்ளி குறைந்திருந்ததையும், கவனம் நிலைக்காமலும் அடங்கி உட்கார முடியாமலும் செய்யும் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு (ADHD) இரண்டு மடங்குக்கும் மேல் காணப்பட்டதையும் காட்டியது. சராசரியை வைத்து எந்த ஒரு குழந்தையையும் அளக்கக் கூடாது. நன்றாகப் படிக்கும் குறைமாதப் பிள்ளைகள் ஏராளம். ஆயினும் இவர்களிடம் துள்ளலும் ஓட்டமும் இல்லாமல் கவனக்குறைவு மட்டுமே மிகுந்திருப்பது அடிக்கடி நிகழ்கிறது. வகுப்பைக் கலைக்கும் பிள்ளை எப்படியும் நம் கண்ணில் பட்டுவிடும். கடைசி வரிசையில் அமைதியாக இருக்கும் பெண் குழந்தையோ "சாதுவான பிள்ளை, படிப்பு மட்டும் ஏறவில்லை" என்ற சொல்லோடு ஐந்தாம் வகுப்பைத் தாண்டிவிடுகிறது.

செய்யக்கூடியவை எளியவை. ஒரு நேரத்தில் ஒரு கட்டளை மட்டும் சொல்லுங்கள், கடன் வாங்கியதும் பழைய எண்ணை அடித்துப் புதிய எண்ணை மேலே எழுத வையுங்கள், முன்வரிசையில் அமர்த்துங்கள், எழுதி முடிக்கக் கூடுதல் நேரம் கொடுங்கள். அதற்கு முன் பார்வையையும் கேட்கும் திறனையும் பரிசோதிக்கச் செய்யுங்கள். சேர்க்கையின்போதே தாய் சேய் நல அட்டையைக் கேட்டு, பிறந்த வாரத்தையும் எடையையும் குறித்துக்கொள்ளுங்கள். குழந்தையைத் தரம் பிரிப்பதற்காக அதை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு மேலூருக்கும் உசிலம்பட்டிக்கும் வருகிறது. ஐயத்துக்குரிய குழந்தைகளை, குறைபாடுகளைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து உதவும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புகிறது. அந்தக் குழுவிடம் கொடுக்கும் தாளில் "மந்தம்" என்று எழுதாதீர்கள். "கரும்பலகையைப் பார்த்து இரண்டு வரி எழுதுவதற்குள் நின்றுவிடுகிறாள், அருகில் அமர்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னால் முடிக்கிறாள், 34 வாரத்தில் பிறந்தவள்" என்று எழுதுங்கள். அந்த மூன்று வரி கையில் இருந்தால், எந்தப் பரிசோதனையிலிருந்து தொடங்குவது என்பது எங்களுக்கு அப்போதே தெரிந்துவிடும்.